புனேயின் மலை ஏரிகளும் கப்பிப் பாதைகளும்

நம் ஊர்ப் பக்கத்தில் ஏரி என்று சொன்னால் எல்லோர் மனத்திலும் ஒரே வடிவம்தான் எழும். ஒரு பக்கம் பிறைபோல் வளைந்த மண்கரை; கரைமேல் வண்டிப்பாதை, பனைமரங்கள்; நடுவே மதகு, ஒரு கோடியில் கலங்கல், கரைக்குக் கீழே நெல்வயல். எதிர்ப்புறத்தில் தண்ணீர் ஆழம் குறைந்துகொண்டே போய், ஏரி எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கருவேலங்காட்டுக்குள் மறைந்துவிடும். அந்தக் கரைமேல் குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகியவர்கள் நம்மில் பலர் உண்டு.

புனேயில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் காணும் ஏரி வேறு. கடக்வாஸ்லா, பான்ஷேத், பவனா, முள்ஷி ஆகியவை சமவெளியில் மழைநீரைத் தேக்கிய ஏரிகள் அல்ல. சஹ்யாத்ரி மலையின் பள்ளத்தாக்குகளை அணை கட்டி அடைத்ததால் உண்டானவை. இந்த ஏரிகளைச் சுற்றி சைக்கிளில் போவது சில ஆண்டுகளாக இவ்வூர் இளைஞர்களிடையே பெரிய ஆர்வமாகப் பரவியிருக்கிறது. அதற்கென்றே அகன்ற டயருடன் 'கிராவல் பைக்' என்று ஒரு வகை வண்டியும் வந்துவிட்டது. நம் சங்கத்துப் பிள்ளைகளும் ஞாயிறு விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போகும் பாதை எப்படி உண்டாயிற்று, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து தெரிந்துகொள்ளவே இந்தப் பாடம். புனே மாவட்ட வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

கிராவலும் முரூமும்

கிராவல் நமக்குப் புதிய சொல் அல்ல. ஊரில் ரோடு போடும்போது லாரியிலிருந்து கொட்டும் சிவப்புச் சரளை மண்ணுக்கு நம் மேஸ்திரிகள் வைத்த பெயரே அதுதான். உடைத்த ஜல்லியைப் பரப்பி உருளை ஓட்டினால் கப்பி ரோடு. இங்கே மராத்தியில் இதே வேலைக்கு வரும் மண்ணுக்கு 'முரூம்' என்று பெயர். தக்காணத்தின் இந்தப் பகுதி ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. பாசால்ட் என்னும் இந்தக் கறுப்புப் பாறை நம் ஊர்க் கருங்கல்லிலிருந்து வேறானது. அது வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து பழுப்பு நிறப் பொடிக்கல்லாகும்போது முரூம் கிடைக்கிறது. மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். காய்ந்தபின் சக்கரம் புதையாது. நல்ல முரூம் பாதையைவிட சைக்கிளுக்கு இதமான தரை கிடையாது என்பது என் கருத்து. கப்பி பெயர்ந்து கல் உருளும் பாதைதான் தொல்லை.

வண்டியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதைக் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்! ஒரு செய்தி மட்டும். நம் அப்பாக்கள் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மிதித்துப் போன கறுப்பு சைக்கிளின் டயர் 28 அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். இன்று கிராவல் பைக் என்று பெரிய விலைக்கு விற்கும் வண்டியின் டயரும் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர்தான். கெட்ட ரோட்டுக்கு அகன்ற டயர் வேண்டும் என்பது அந்தக் கறுப்பு வண்டியைச் செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. பழைய வண்டிக்கு இல்லாதவை இரண்டு: மழையில் பிடிக்கும் பிரேக், மலை ஏறும் கியர்.

கியரைப் பிள்ளைகள் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முன் சக்கரப் பல் 44, பின் பல் 18 என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒருமுறை சுற்றினால் பின் சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய 2.4 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் வண்டி 5.4 மீட்டர் முன்னே போகும். சமதரையில் இது சரி. கிராவல் பைக்கில் முன்னே 30 பல், பின்னே 34 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர்தான் போகும். வேகம் போய்விடும், ஆனால் பாரம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும். மலைச்சாலையில் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தபடியே ஏறுவதா என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துக் கப்பி ரோடுகளில் 2006-இல் 200 மைல் பந்தயம் ஒன்று தொடங்கியது. அதுபோன்ற பந்தயங்கள் பெருகி, 2022-இல் இத்தாலியில் கிராவல் சைக்கிளுக்கு முதல் உலக சாம்பியன் போட்டியே நடந்தது. தார் போட பணமில்லாத ஊர்களின் ரோடு இப்படி உலக விளையாட்டுக்குக் களமாகியிருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு.

ஏரிக்கு விரல்கள் உண்டு

கையை விரல் விரித்து ஒரு தாளின்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். மணிக்கட்டு இருக்கும் இடம்தான் அணை. விரல்கள், ஓடைகள் வந்து சேரும் பள்ளங்கள். இப்போது ஆள்காட்டி விரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் இடையில் எத்தனை தூரம்? நேராக அளந்தால் இரண்டு அங்குலம் இருக்கும். போட்ட கோட்டின் மேலேயே போனால், பக்கத்து மேடுகளில் ஏறாமல் விரலிடுக்கு வரை போய்த் திரும்ப வேண்டும். ஐந்தாறு அங்குலம் ஆகிவிடும். மலை ஏரியைச் சுற்றும் பாதை இந்தப் பென்சில் கோடு.

அணை கட்டுவதற்கு முன் பள்ளத்தாக்கின் பாதை ஆற்றை ஒட்டி நேராகப் போயிற்று. ஆற்றோரம்தான் சமநிலம்; அங்கேதான் நெல்வயலும் ஊரும் கோயிலும் இருந்தன. அணையில் தண்ணீர் நின்றதும் முதலில் மூழ்கியவை இவையே. ஊர் மேட்டுக்கு ஏறியது, அல்லது எங்கோ வேறு தாலுகாவுக்குப் போயிற்று. மேட்டில் தங்கியவர்களுக்காக, நீர் ஏறக்கூடிய மட்டத்துக்கு மேலே, மலைச்சரிவை வெட்டி ஒரு புதுப் பாதை போட்டார்கள். அதனால்தான் அது இத்தனை வளைகிறது, குறுகலாக இருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் சரிகிறது. போகிறவர்கள் சிலரே என்பதால் தார் கடைசியில்தான் வருகிறது. அக்கரை ஊரில் நாய் குரைப்பது நம் காதில் கேட்கும். அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். சைக்கிளில் ஞாயிறு காலை வந்தவருக்கு இனிக்கும் அந்த வளைவு, நோயாளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்குகளுக்குப் பழைய பெயர் மாவல். சிலவற்றை 'கோரே' என்பார்கள். பன்னிரண்டு மாவல் என்று மராத்தியரின் வரலாற்றில் படிக்கிறோமே, அவை இவைதாம். மோசே கோரேயில் இன்று வரஸ்காவ் ஏரி, வேல்வண்ட் கோரேயில் பாட்கர் ஏரி, பவன் மாவலில் பவனா ஏரி, அந்தர் மாவலில் டோக்கர்வாடி ஏரி. சிவாஜியின் காலாட்படை இந்த ஊர்களிலிருந்து திரண்டது. அந்தப் படை 1677-இல் நம் செஞ்சிக் கோட்டை வரை வந்தது. பான்ஷேத் ஏரிக்கு இன்று தானாஜி சாகர் என்று பெயர். வரஸ்காவ் ஏரிக்கு, மோசே பள்ளத்தாக்கின் தேஷ்முக்காக இருந்த வீர் பாஜி பாசல்கர் பெயர். பாட்கர் ஏரிக்கு ஏசாஜி கங்க் பெயர். வீரர்களின் பெயர் நீருக்குக் கிடைத்தது. அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குகள் நீருக்குள் போயின.

கடக்வாஸ்லாவிலிருந்து பான்ஷேத்

முதலில் போக வேண்டிய பாதை இது. காரணம், நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் பாதையும் இதுதான். புனே நகரத்துக்கு முக்கியமாக நான்கு அணைகள்: கடக்வாஸ்லா 1.97 டி.எம்.சி., பான்ஷேத் 10.65, வரஸ்காவ் 12.82, தேம்கர் 3.71. மொத்தம் 29.15 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். சென்னைவாசிகளுக்குப் புரியும்படி சொன்னால், செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. பான்ஷேத் ஒன்றே கிட்டத்தட்ட மூன்று செம்பரம்பாக்கம்! எல்லோரும் மக்காச்சோளம் தின்று படம் எடுத்துக்கொள்ளும் கடக்வாஸ்லா இந்த நால்வரில் மிகச் சிறியது. மேலே உள்ள மூன்றும் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பத்தாயங்கள். கடக்வாஸ்லா அளந்து கொடுக்கும் மரக்கால்.

சிங்ஹகட் சாலையில் வண்டி நெரிசல் தொடங்குமுன், காலை ஐந்தரைக்குள் நகரத்தை விட்டுவிடுங்கள். ஏரியின் வடமேற்குக் கரை முழுதும் தேசிய ராணுவ அகாடமியின் இடம். அங்கே அனுமதியின்றிப் போக முடியாது. ஆகையால் தென்கரைதான் நம் பாதை. டோணஜே பிரிவில் இடப்பக்கம் சிங்ஹகட்டுக்கு ஏறாமல், ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கோர்ஹே, கானாபூர் வழியாகப் போனால் பான்ஷேத். இதுவரை பெரும்பாலும் தார்தான். கானாபூரிலிருந்து தெற்கே திரும்பினால் பாபே காட் ஏறி வேல்ஹேவுக்கு இறங்கலாம். எதிரே தோர்ணா கோட்டை நிற்கும். கால் வலுவானவர்களுக்கு மட்டும் அது. பான்ஷேத்தில் ஆம்பி ஆற்றின் அணையும் மோசே ஆற்றின் வரஸ்காவ் அணையும் அருகருகே உள்ளன. அவற்றுக்கு மேற்கே, ஷிர்கோலி பக்கம் ஏரியை ஒட்டிப் போகும் பாதைதான் கிராவல் சைக்கிள்காரர்கள் தேடி வருவது. எந்த இடத்தில் தார், எந்த இடத்தில் வெறும் முரூம் என்பது மழைக்கு மழை மாறும். போன வருடம் போனவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

பான்ஷேத் என்ற பெயரைப் புனேயின் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் ஏரியைப் பற்றிப் பேச மாட்டார்கள். 1961 ஜூலை 12 பற்றித்தான் பேசுவார்கள். அப்போது பான்ஷேத் மண் அணை முழுதும் கட்டி முடியாத நிலையில், மழைநீரைத் தேக்கியிருந்தார்கள். அணையின் அடியில் நீர் வெளியேறும் குழாய்வழிக்கு இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் பலம் இல்லை. மண் உள்வாங்கத் தொடங்கியது. ராணுவ வீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டை அடுக்கினார்கள். காலையில் அணை உடைந்தது. அந்த நீர் வந்து, 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கடக்வாஸ்லா கல்லணையையும் உடைத்துக்கொண்டு நகரத்துக்குள் புகுந்தது. ஆற்றோரப் பேட்டைகளின் பழைய வாடாக்கள் கரைந்து விழுந்தன. மணல் மூட்டைகள் பிடித்து நிறுத்திய அந்தச் சில மணி நேரம் இல்லாவிட்டால் வெள்ளம் நடு இரவில் வந்திருக்கும். ஊர் தூக்கத்தில் இருந்திருக்கும். கோகலே நகர், சஹகார் நகர் போன்ற குடியிருப்புகள் அந்த வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு இடம் கொடுத்தவை. இன்று அங்கே வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! இரண்டு அணைகளையும் பிறகு திரும்பக் கட்டினார்கள். அணைக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி அந்தச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது, பள்ளிப் பாடத்தில் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

பவனாவிலிருந்து முள்ஷிக்கு

என்னைக் கேட்டால் புனேயைச் சுற்றி உள்ளவற்றில் அழகான பாதை இதுதான். காம்ஷேத்திலிருந்து கணவாய் ஏறி இறங்கினால் பவனாநகர். லோஹகட், விசாபூர், துங், திகோணா ஆகிய நான்கு கோட்டைகளும் ஏரியைச் சுற்றிக் காவல் நிற்கும். திகோணா அடிவாரத்திலிருந்து தெற்கே ஜவண், ஹாட்ஷி, கோள்வண் வழியாக இறங்கினால் பௌட். அங்கிருந்து மேற்கே முள்ஷி. வழியெல்லாம் நெல்வயல். ஆம்பேமோஹர் அரிசி இந்தப் பக்கத்து விளைச்சல். மாம்பூ மணம் வீசும் அரிசி என்பது பெயரின் பொருள். கோதுமை தேசத்துக்கு வந்துவிட்டோம் என்று அலுத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களை ஜூலை மாதம் ஒருமுறை இங்கே அழைத்து வந்து நாற்று நடவைக் காட்டலாம். நாற்றங்காலில் சருகும் சாணமும் பரப்பி எரித்து, பிறகு விதைப்பது இவர்கள் வழக்கம். அதற்கு 'ராப்' என்று பெயர். ஏப்ரல், மே மாதங்களில் சரிவுகளில் கருகிய சதுரங்களைப் பார்த்துக் காட்டுத்தீ என்று பயப்பட வேண்டாம்.

பவனா பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரி. அணையிலிருந்து ஆற்றில் விடும் நீரைக் கீழே ராவேத்தில் எடுத்துக்கொள்வதுதான் முறை. அதற்குப் பதில் அணையிலிருந்தே மூடிய குழாயில் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது, வயலுக்கு ஆற்றுநீர் குறைந்துவிடும் என்று மாவல் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று பவூர் அருகே விரைவுச் சாலையில் மறியல் நடந்தபோது போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தார்கள். நிக்டியிலும் சிஞ்ச்வட்டிலும் நாம் குழாயைத் திறக்கும்போது இதையும் சேர்த்துத்தான் திறக்கிறோம்.

முள்ஷியின் கதை இன்னும் பழையது. டாட்டா கம்பெனி மின்சாரத்துக்காக முளா ஆற்றில் அணை கட்டத் தொடங்கியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களும் குக்கிராமங்களும் மூழ்கும் என்று தெரிந்து, 1921 ஏப்ரலில் விவசாயிகள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அணைகளுக்கு எதிராக உலகில் நடந்த முதல் மக்கள் இயக்கங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். பாண்டுரங்க மகாதேவ் பாபட் தலைமை ஏற்றார். புனேயில் சேனாபதி பாபட் சாலை என்று தினமும் போகிறோமே, அந்த 'சேனாபதி' பட்டம் இந்தப் போராட்டத்தில் கிடைத்தது. மூன்று ஆண்டுகளில் போராட்டம் தோற்றது. பல நிலங்கள் நகரத்துக் கடன்காரர்கள் கைக்கு ஏற்கெனவே போயிருந்ததும், அவர்கள் நஷ்டஈட்டுக்குச் சம்மதித்ததும் தோல்விக்கு ஒரு காரணம். உழுதவன் ஒருவன், கையெழுத்துப் போட்டவன் வேறொருவன்.

தண்ணீர் போகும் திசை

முள்ஷி ஏரியில் மற்றொரு விந்தை உண்டு. அங்கே பெய்யும் மழை இயற்கையில் கிழக்கே ஓடி முளா, பீமா, கிருஷ்ணா என்று சேர்ந்து வங்காள விரிகுடாவுக்குப் போக வேண்டியது. டாட்டா அதை மேற்கே திருப்பி, சுமார் 500 மீட்டர் கீழே கொங்கணத்தில் உள்ள பிராவில் விழவைத்து மின்சாரம் எடுக்கிறது. நீர் அரபிக் கடலுக்குப் போகிறது. இந்த மின்நிலையம் 1927-இலிருந்து ஓடுகிறது. நமக்கு இதன் நேர் எதிரான கதை தெரியும்: மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-இல் பென்னிகுவிக் கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவந்தார். அங்கே வயலுக்காகத் திருப்பினார்கள். இங்கே பம்பாயின் மில்களுக்கும் விளக்குகளுக்கும் ஆகத் திருப்பினார்கள்.

பான்ஷேத்தின் நீரோ கிழக்கேதான் போகிறது. நாம் குடித்தது, வயலுக்குப் பாய்ந்தது போக மிஞ்சியது முட்டா, முளா, பீமா வழியாக உஜனி அணைக்கு வரும். அங்கும் மிஞ்சினால் ராய்ச்சூர் அருகே கிருஷ்ணாவில் சேரும்; அங்கிருந்து ஸ்ரீசைலம். ஸ்ரீசைலத்திலிருந்து கால்வாய் வழியே கண்டலேறு, கடைசியில் பூண்டி ஏரி! சென்னையின் குடிநீருக்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் கிருஷ்ணா பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. தர 1976-இல் ஒப்புக்கொண்டன. 1996-இல் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. பான்ஷேத் மலையில் பிள்ளையின் சைக்கிளை நனைத்த மழையில் ஒரு சொட்டு, சென்னையில் பாட்டி வீட்டுக் குடத்தில் விழ வழி இருக்கிறது. வரைபடத்தில் விரலை வைத்து இந்தப் பாதையைப் பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும்.

மற்ற பாதைகள், காலங்கள்

கான்ஹேயிலிருந்து டாக்வே வழியாக அந்தர் மாவலுக்குள் போனால் டோக்கர்வாடி ஏரி. இதுவும் டாட்டாவின் ஏரிதான். 'ஆந்திரா பள்ளத்தாக்கு' மின்திட்டம் என்று பெயர். தெலுங்கு தேசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அந்த ஆற்றின் பெயர் அப்படி. கூட்டம் குறைவு, கடைகளும் குறைவு; சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இதற்கு நேர் மாறாக, கிழக்கே பிக்வண் பக்கம் உஜனி நீர்த்தேக்கத்தின் ஓரம் மேடு பள்ளம் இல்லாத தரை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பூநாரைகள் வரும். சிறு பிள்ளைகளோடு போக ஏற்றது. ஆனால் அங்கே கரிசல் மண். ஒரு மழை பெய்துவிட்டால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டியைத் தூக்கித்தான் வர வேண்டும்.

மழைக்காலத்தில் மேற்கே போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. புனே நகரத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். ஐம்பது அறுபது கிலோமீட்டர் மேற்கே தாம்ஹிணியில் 5,000-க்கு மேல். இங்கே தூறல் என்றால் அங்கே கண் தெரியாத மழையும் மூடுபனியும். அக்டோபர் பாதியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். ஓடைகள் இன்னும் ஓடும், முரூம் காய்ந்திருக்கும்.

கோடையில் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. போர் என்ற ஊருக்கு அருகே (சண்டை அல்ல, ஊர்ப்பெயர்!) 1928-இல் திறந்த பாட்கர் அணையின் நீர் மே மாதம் வடியும்போது, ஆண்டில் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் காம்பரேஸ்வர் கோயில் வெளியே வரும். உஜனியிலும் பளஸ்தேவ் கோயில் அப்படித்தான். மேட்டூரில் நீர் இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர் கவனிக்க

பாதையில் விழுந்தால் முட்டி சிராயும், அது ஆறும். ஆபத்து தண்ணீரில்தான். ஒவ்வோர் ஆண்டும் இந்த ஏரிகளில் நகரத்து இளைஞர்கள் மூழ்கி இறக்கிறார்கள். நம் ஊர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பக்கம்போல் இங்கே ஆழம் மெல்ல மெல்லக் கூடுவதில்லை. நீருக்கு அடியில் இருப்பது மலைச்சரிவில் படி படியாக வெட்டிய பழைய நெல்வயல். ஒரு படியில் முழங்கால் ஆழம். அடுத்த அடி வைத்தால் தலைக்கு மேல். கீழே வண்டல் காலை இழுக்கும். நீச்சல் தெரிந்தவனுக்கும் இது பொருந்தும். ஏரியைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் உட்கார்ந்து சாப்பிடுவதும் வேண்டாம். மதகு திறப்பது நமக்குத் தெரியாது.

மற்றவை சில்லறை விஷயங்கள். கப்பிப் பாதைக்கு டயரில் காற்றைக் குறையுங்கள். சராசரி எடை உள்ளவருக்கு 40 பவுண்டு போதும், கல்லென்று அடித்த டயர் துள்ளி வழுக்கும். கூடுதல் டியூப் இரண்டு, சிறு பம்ப், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஹெல்மெட். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் செல்போன் பேசாது. தனியாக அனுப்பாதீர்கள்; எந்த வழி போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வழி கேட்க நாலு வார்த்தை

தரண் என்றால் அணை, தலாவ் குளம், கிண்ட் சிறு கணவாய், பாட்டா என்றால் சாலை பிரியும் இடம், நாம் கைகாட்டி என்பது. ஓர் ஊரின் பெயருக்குப் பின்னால் புத்ருக் என்று இருந்தால் பெரிய ஊர், குர்த் என்றால் சின்ன ஊர். நம் பக்கத்தில் பெரிய, சின்ன என்று முன்னால் போடுகிறோம், இவர்கள் பின்னால் போடுகிறார்கள். 'ரஸ்தா கசா ஆஹே?' என்றால் பாதை எப்படி இருக்கிறது என்று பொருள். வயதானவரானால் 'காகா', பெண்மணியானால் 'மாவ்ஷி' என்று கூப்பிட்டுக் கேளுங்கள்; தண்ணீரும் சேர்த்துக் கிடைக்கும். பலகைகளில் 'புனர்வசன்' என்ற சொல்லைப் பார்த்தால், ஏரிக்கு இடம்கொடுத்து எழுந்து வந்தவர்களின் குடியேற்றம் அது. நேரம் இருந்தால் அங்கே நின்று, 'ஜுனா காவ் குட்டே ஹோத்தா?', பழைய ஊர் எங்கே இருந்தது, என்று கேளுங்கள். அவர்கள் கை நீட்டிக் காட்டுவது ஏரியின் நடுவாக இருக்கும்.